பனஞ்சாறும் பந்தயக் காரும்

மன்னார்த் தீவின் பேசாலைக் கிராமத்திலே 1970களில் எண்ணெய் தேடி நிலத்தைத் துளைத்தார்கள். சோவியத்து நாட்டு வல்லுநரின் துணையோடு நடைபெற்ற முயற்சி அது. ஆழமாகத் துளையிட்டுப் பார்த்தும், வாணிகத்துக்குப் போதுமான எண்ணெய் அங்கே கிட்டவில்லை. பின்னர் 2011ஆம் ஆண்டிலே மன்னார் வளைகுடாவின் கடலடியில் இயற்கை வாயு உண்டென்று கண்டறிந்தார்கள். அந்த வாயுவும் இன்றுவரை கரைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே, மன்னார்த் தெருவில் ஓடும் காரும், கட்டுக்கரைக் குளத்து வயல்களை உழும் இயந்திரமும், பேசாலையிலிருந்து கடலுக்குப் போகும் படகும் வேற்று நாட்டிலிருந்து கப்பலில் வந்த எண்ணெயை நம்பியே ஓடுகின்றன.

அதே தீவிலே, நிலத்தைத் துளைக்காமல் மரத்தின் பாளையைச் சீவிப் பெறக்கூடிய எரிபொருள் ஒன்று இருக்கின்றது. பனங்கள்ளில் அடங்கியுள்ள மதுசாரத்தையே இங்கு குறிப்பிடுகின்றோம். இரசாயன நூலார் அதனை எதனோல் என்று வழங்குவர். பனஞ்சாற்றிலிருந்து வந்தாலென்ன, கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் வந்தாலென்ன, எதனோல் ஒன்றே. இன்று உலகின் பல நாடுகளில் அதனைப் பெற்றோலோடு கலந்து விற்கிறார்கள். வேகத்துக்கென்றே திருத்தியமைத்த கார்களை வைத்திருப்போர், நூற்றுக்கு 85 பங்குவரை எதனோல் கலந்த எரிபொருளை விரும்பி வாங்குகிறார்கள். இந்த எரிபொருளின் வரலாறு, பந்தயக் காரே ஓடாத மன்னார்க் கரைக்கு என்ன சொல்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மதுசாரத்தால் இயந்திரத்தை ஓட்டுவது புதிய எண்ணமன்று. 1826ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான சாமுவேல் மோரி என்பவர், மதுசாரமும் தேவதாரு எண்ணெயும் கலந்த ஆவியால் இயங்கும் பொறி ஒன்றைச் செய்து பதிவு பெற்றார். பெற்றோல் பெருகி மலிவாகிய பின்னர் மதுசாரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. எனினும் பெற்றோல் அரிதாகும் காலங்களிலெல்லாம் அது மீண்டும் தலைகாட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே சென்னை மாகாணத்துப் பேருந்துகள் பின்புறத்தில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடியதை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948இல், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் மதுசாரத்தைப் பெற்றோலோடு கலப்பதற்கென இந்தியா ஒரு சட்டமே இயற்றியது.

பந்தயக்காரர் மதுசாரத்தை நாடியதற்குக் காரணம் வேறு. அதனை விளங்கிக்கொள்ள, இயந்திரத்தின் உருளைக்குள்ளே நடப்பதைச் சற்று நோக்கவேண்டும். உருளைக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அவற்றை நெருக்குகின்றது. தீப்பொறி பட்டதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. எவ்வளவுக்கு நெருக்குகின்றோமோ அவ்வளவுக்கு வலு மிகும். ஆனால் அளவு மிஞ்சினால், கலவை தீப்பொறியின் கட்டுக்கு அடங்காது தானாகவே வெடிக்கும். அப்போது சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழும். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். இவ்வாறு தானே வெடிக்காமல் தாங்கி நிற்கும் திறனையே ஒக்டேன் எண்ணால் அளக்கிறார்கள். இலங்கையில் பொதுவாக விற்கப்படும் பெற்றோலின் ஒக்டேன் எண் 92 அல்லது 95. எதனோலின் எண்ணோ 108 அளவிலானது. மேலும், ஆவியாகும்போது எதனோல் பெற்றோலைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேலான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. அதனால் உள்ளே புகும் காற்றுக் குளிர்ந்து செறிவடைகின்றது. ஆகவே எதனோலைக் கொண்டு ஓடும் இயந்திரத்தில் நெருக்கத்தைக் கூட்டலாம். தீப்பொறியை முந்தி இடலாம். காற்றை விசையோடு உள்ளே தள்ளலாம்.

இத்தனைக்கும் விலையுண்டு. ஒரு லீற்றர் எதனோலில் அடங்கிய வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியதில் மூன்றில் இரண்டு பங்கே. ஒரு பங்கு பெற்றோல் எரிவதற்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். எதனோலுக்கு 9 பங்கு போதும். அதாவது, அதே காற்றோடு கூடுதலான எதனோலைச் சேர்த்தல் வேண்டும். 85 வீதக் கலவையில் ஓடும் கார் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக எரிபொருளை விழுங்கும். இதற்கேற்ப எரிபொருள் செல்லும் துளைகளையும் பம்பையும் பெரிதாக்கி, தீப்பொறி நேரத்தையும் மாற்றவேண்டும். மாற்றாமல் ஊற்றினால் எரிபொருள் போதாது காற்று மிஞ்சும், வலு குன்றும், உருளை அளவுக்கு மீறிச் சூடேறும்.

இந்தக் கணக்கைப் பந்தய வரலாறு நன்கு எடுத்துக்காட்டுகின்றது. 1951ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரன் திடலிலே பிரித்தானியப் பெரும்பந்தயம் நடந்தது. இத்தாலிய அல்பா ரோமியோக் கார்கள் அக்காலத்தில் வெல்வாரின்றி விளங்கின. ஒன்றரை லீற்றர்க் கொள்ளளவேயுடைய சிறு இயந்திரம், காற்றை விசையோடு தள்ளும் கருவியின் உதவியாலும், எதனோலின் உடன்பிறப்பாகிய மெதனோலின் உதவியாலும், 400 குதிரை வலுவுக்கு மேல் ஈந்தது. ஆனால் அதன் தாகமோ சொல்லி முடியாது. எரிபொருள் நிரப்புவதற்காக அது நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தது. அன்று ஆர்ஜென்ரீன வீரர் கொன்சாலெஸ் ஓட்டிய பெராரிக் கார், பெரிய இயந்திரம் கொண்டதாயினும் குறைவாகவே குடித்தது. அல்பா ரோமியோவில் வந்த பாஞ்சியோவை வென்று, பெராரி நிறுவனத்துக்கு உலகப் போட்டியின் முதல் வெற்றியை அது தேடித்தந்தது. 1958இலே அவ்வகைப் பந்தயங்களில் மதுசார எரிபொருளுக்கே இடமில்லாது போயிற்று. அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் பந்தயத்திலோ கதை மாறி நடந்தது. 1964இல் அங்கே பெற்றோல் தீப்பற்றி வீரர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின், தண்ணீரால் அணைக்கக்கூடிய மெதனோலைக் கைக்கொண்டார்கள். 2007இல் அதனையும் விடுத்து எதனோலுக்கு மாறினார்கள்.

பந்தயத் திடலை விட்டு நாட்டு மக்களின் தெருவுக்கு மதுசாரத்தைக் கொண்டுவந்த பெருநாடு பிரேசில். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. கரும்பு செழித்த அந்நாட்டின் அரசு, 1975இலே மதுசாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979இல் முழுதும் எதனோலாலேயே ஓடும் பியட் கார் அங்கே விற்பனைக்கு வந்தது. குளிர்ந்த காலையில் எதனோல் எளிதில் ஆவியாகாது, இயந்திரம் உயிர்பெறாது. ஆதலால் அந்தக் கார்களில் சிறியதொரு பெற்றோற் கலத்தை வைத்தார்கள். தொடக்கத்தில் சிறிது பெற்றோலைச் செலுத்தி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பின்னர் எதனோலில் ஓட்டினார்கள்.

இந்தச் சிறு பெற்றோற் கலத்தின் கதையைக் கேட்கும் வடபகுதி நேயர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது புதிதன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், போராளிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணம், வன்னி, மன்னாரின் பெருநிலப்பகுதி ஆகிய இடங்களில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அளவாகக் கிடைத்தது மண்ணெண்ணெய் ஒன்றே. அந்த மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டினார்கள். சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையும் நாற்றமும் தெருவை நிறைக்கும். ஆனாலும் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்; மணமகள் மணவறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இதன் நுட்பத்தை ஆராய்ந்தால் வியப்பே மேலிடும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. சிறிது நெருக்கினாலே தானாக வெடிக்கும், எளிதில் ஆவியாகாது. ஆகவே பந்தயக்காரர் எதனோலுக்குச் செய்வது ஒவ்வொன்றுக்கும் நேர்மாறானதை மண்ணெண்ணெய்க்குச் செய்யவேண்டும். அவர்கள் நெருக்கத்தைக் கூட்டுகிறார்கள், இங்கே குறைக்கவேண்டும். அவர்கள் தீப்பொறியை முந்தி இடுகிறார்கள்; இங்கே பிந்தி இடவேண்டும். அவர்கள் உட்புகும் காற்றைக் குளிரவைக்கிறார்கள், இங்கே சூடேற்றவேண்டும். 1940களின் பிற்பகுதியில் பிரித்தானியாவிலே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடும் பெர்குசன் உழவு இயந்திரங்களைச் செய்தபோது, பொறியியலார் இந்த மாற்றங்களைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பினார்கள். நம் ஊர்த் திருத்துநர்களுக்கோ, பழைய பிரித்தானியக் கார்களின் நெருக்கம் இயல்பாகவே குறைந்திருந்தமை வாய்ப்பாயிற்று. எஞ்சியதைக் காதாலும் கையாலும் அறிந்து செய்தார்கள். உயர்ந்த நெருக்கமுடைய புதிய கார்கள் அந்நாளில் முடங்கிக் கிடக்க, பாட்டனார் காலத்து ஒஸ்ரின் தெருவில் ஓடியதன் இரகசியம் இதுவே.

அந்த ஓட்டத்துக்கும் விலையுண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே வழிந்து, கீழேயுள்ள மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். அடிக்கடி எண்ணெய் மாற்றாத இயந்திரம் தேய்ந்து அழியும். 2002 சனவரியில் தடை நீங்கியபோது, இவ்வாறு தேய்ந்த இயந்திரங்கள் எத்தனையோ வீடுகளில் எஞ்சியிருந்தன. எரிபொருளுக்கேற்ப இயந்திரத்தைத் திருத்தலாம். ஆனால் எந்த மாற்றமும் யாரோ ஒருவர் கணக்கில் செலவாக எழுதப்படுகின்றது. சில்வர்ஸ்ரன் திடலும் வன்னித் தெருவும் கற்பித்த பாடம் இது.

இனிப் பனஞ்சாற்றின் கணக்கைப் பார்ப்போம். புளித்த கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். 100 லீற்றர் கள்ளை ஒரு துளியும் வீணாகாமல் வடித்தாலும் 5 லீற்றர் எதனோலுக்கு மேல் கிடையாது. 40 லீற்றர் கொள்ளும் கார்த் தாங்கியை 85 வீதக் கலவையால் நிரப்ப 34 லீற்றர் எதனோல் வேண்டும். அதற்கு 680 லீற்றர் கள் தேவை. ஒரு பனை நாளொன்றுக்குத் தருவது சில லீற்றரே. அதுவும் பருவகாலத்தில் மட்டும். காலையும் மாலையும் பல மரங்கள் ஏறி இறங்கும் தொழிலாளி ஒருவர் பல நாட்கள் சேர்க்கும் கள், ஒரே தாங்கியில் அடங்கிவிடும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார், 40 லீற்றர் பெற்றோலோடு மன்னாரிலிருந்து புறப்பட்டால், 300 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள கொழும்பைச் சென்றடையும். அதே கார் 85 வீதக் கலவையில் 290 கிலோமீற்றர் அளவிலே, நகரை எட்டுமுன் நின்றுவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. எத்துணை முறை வடித்தாலும், சாதாரண வாலையில் மதுசாரம் 96 வீதத்துக்கு மேல் தூய்மையடைவதில்லை, எஞ்சியது நீர். பெற்றோலோடு கலக்கும் எதனோலுக்கு அந்த நீரும் ஆகாது. அதனை நீக்கத் தனிப் பொறித்தொகுதி வேண்டும். ஆகவே ஊர்ச் சாராயத்தைக் காரில் ஊற்றி ஓட்டலாம் என்று எவரேனும் சொல்வாராயின், அவர் சாராயத்தையும் அறியார், காரையும் அறியார் எனலாம். பனையை வளர்ப்பதற்கென 1978இலே பனை அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்டது. பனையின் சாறு பதநீராகவும் கருப்பட்டியாகவும் கள்ளாகவும் தொழிலாளிக்குத் தரும் பயனை, கார்த் தாங்கி ஒருநாளும் தரமாட்டாது.

கரும்பு பயிரிடலாமே என்று கேட்கலாம். மன்னார் வறண்ட நாடு. அதன் நெல்வயல்கள் கட்டுக்கரைக் குளத்தின் நீரையே நம்பி வாழ்கின்றன. நீரை மிகுதியாக வேண்டும் கரும்புக்கு அந்நீரைத் திருப்புவது, சோற்றை எடுத்து வண்டிக்குப் போடுவதற்கு ஒப்பாகும். கரும்பு விளையும் நாடுகளிலும் இப்போராட்டம் உண்டு. பிரேசிலிலே 1989ஆம் ஆண்டளவில் ஆலைகள் சர்க்கரையில் இலாபம் கண்டு எதனோலைக் குறைத்தமையால், மதுசாரக் கார் வைத்திருந்தோர் எரிபொருளின்றித் தவித்தனர். இரண்டையும் ஏற்கும் கார்கள் 2003இல் வந்தபின்பே மக்களின் நம்பிக்கை மீண்டது. இந்தியாவிலும், விளைச்சல் குன்றிய 2023 டிசம்பரில், கரும்புச் சாற்றிலிருந்து எதனோல் செய்வதை அரசு நிறுத்திவைத்து, பின்னர் தளர்த்தியது.

ஆயினும் எதனோல் மன்னாருக்கு அப்பாற்பட்ட செய்தியன்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்த் தொலைவே. அக்கரையில் 2022இலே பெற்றோலில் 10 வீத எதனோல் கலப்பு நிறைவேறியது. 2023 பெப்ரவரியில் 20 வீதக் கலப்பு அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. எண்ணெய் இறக்குமதி குறைகின்றது, கரும்பு உழவருக்கு வருவாய் கூடுகின்றது என்று அங்கே போற்றுவோர் உளர். பழைய வண்டிகளின் இறப்பர்க் குழாய்கள் கெடுகின்றன, ஓடும் தூரம் குறைகின்றது என்று குறைகூறுவோரும் உளர். வெப்பக் கணக்கின்படி 20 வீதக் கலவையில் ஏறத்தாழ 7 வீத வெப்பம் குறைவு என்பது உண்மையே. எதனோற் கலப்பு இலங்கையில் இன்னும் பொது வழக்காகவில்லை. ஆனால் அந்நியச் செலாவணி இல்லாது 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்ற நாடு, இந்த வழியை என்றேனும் எண்ணிப் பார்க்காது என்று சொல்லமுடியாது.

அவ்வாறு எண்ணும் நாளில் முதலில் நினைக்கப்படவேண்டியவர் கடற்றொழிலாளர். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, விடத்தல்தீவு ஆகிய கரைகளிலிருந்து போகும் சிறு படகுகளில் பல, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களைக் கொண்டவை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது, படகுகள் கரையில் கிடந்தன. மண்ணெண்ணெயை விட்டுப் பெற்றோல் இயந்திரத்துக்கு மாறினால் என்ன என்ற எண்ணம் அத்தகைய வேளையில் எழுவது இயல்பு. ஆனால் நாளை அந்தப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்குமானால், அது தெருவில் ஓடும் காருக்கு ஒருவிதமாகவும் கடலில் ஓடும் படகுக்கு வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

காரணம் யாதெனில், எதனோல் நீரை நாடும் தன்மையது. ஈரக்காற்றிலிருந்தும் அது நீரை ஈர்க்கும். காரை அன்றாடம் ஓட்டுவோர் தாங்கியை விரைவில் தீர்த்து நிரப்புவதால் தீங்கு பெரிதில்லை. படகின் தாங்கியோ உப்புக் காற்றிலே திறந்து மூடப்படுவது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் வாரக்கணக்காகச் சும்மா கிடப்பது. நீர் ஓர் அளவைத் தாண்டியதும், எதனோலும் நீரும் கைகோத்துக்கொண்டு பெற்றோலைப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அந்த அடியிலேதான். கரையில் நன்றாக எழும்பிய இயந்திரம், நடுக்கடலில் அலை குலுக்கியதும் நின்றுவிடக்கூடும்.

பந்தயத் திடலிலே இயந்திரம் நின்றால் வீரர் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்து வருவார். பாக்கு நீரிணையிலே நின்றால், நீரோட்டம் படகை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்லும். எல்லை தாண்டிய படகுக்கும் அதில் இருந்தவருக்கும் நேர்வன இரு கரையாரும் நன்கறிந்தவையே. ஆகவே கலப்பெரிபொருள் ஒருநாள் வருமாயின், அதில் எவ்வளவு எதனோல் உண்டென்பதை விற்பனை நிலையத்தில் தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும். படகுகளுக்கென எதனோல் கலவாத எரிபொருளும் கிடைத்தல் வேண்டும். தொழிலாளரும் தாங்கியை மூடிவைத்தல், நீரைப் பிரிக்கும் வடியைப் பொருத்துதல், நெடுநாள் கிடந்த எரிபொருளை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புதல் ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுதல் நன்று.

எதனோலைக் குடித்து விரையும் காரை அமைத்தவரும், மண்ணெண்ணெயைக் குடித்து ஊர்ந்த காரைக் காத்தவரும் ஒரே கலையில் வல்லவர்கள். எரிபொருளின் குணத்தை முதலில் அறிந்து, பிறகு இயந்திரத்தை அதற்கு இணக்குவதே அக்கலை. வன்னியிலும் மன்னாரிலும் அதனை நெருக்கடியிலே கற்றவர்கள் பலர். புதிய எரிபொருளைப் பற்றிய முடிவுகள் தலைநகரத்தில் எடுக்கப்படும்போது, அந்தத் திருத்துநர்களையும், விடியுமுன் படகைத் தள்ளிக் கடலில் இறங்கும் தொழிலாளர்களையும் அழைத்துக் கேட்பது அறிவுடைமையாகும். இயந்திரம் நின்றால் யார் எங்கே தவிப்பார் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள்.